குழாய், ஃபேன், ஸ்டெப்னி: வீட்டு ரிப்பேரைக் கையில் எடுப்பவர்களுக்கு

வீட்டு ரிப்பேரை எங்கே தொடங்கலாம் என்று யோசிப்பவர்கள் ஒரு கேள்வியை மட்டும் கேட்டுக்கொண்டால் போதும்: தப்பாகப் போனால் என்ன நஷ்டம்? சொட்டும் குழாயைக் கழற்றித் தப்பு செய்தால் ஒரு வாளித் தண்ணீர் போகும், அரை நாள் குளியலறை கிடையாது. ஃபேனில் தப்பு செய்தால் ஷாக் அடிக்கும். ஜாக்கியில் ஏற்றிய காரில் தப்பு செய்தால் கை கால் போகும். அதனால் முதலில் தண்ணீர், அடுத்து சுவர், பிறகு மின்சாரம், கடைசியில் கார் என்று இந்த வரிசையில் பழகுவது நல்லது. யூட்யூபில் ஏ.சி. கழற்றுவதைப் பார்த்துவிட்டு அங்கிருந்து தொடங்குகிறவர்கள்தான் மெக்கானிக்குக்கு இரட்டைச் செலவு வைக்கிறார்கள்.

முதலில் வாங்க வேண்டியவை

நாற்பது சாமான் கொண்ட டூல் கிட் வேண்டாம். அதில் பாதி இரும்பு மெழுகு மாதிரி வளையும். தனித்தனியாக, நல்ல தரத்தில் இவற்றை வாங்குங்கள்: 10 அங்குல அட்ஜஸ்டபிள் ஸ்பேனர், கட்டிங் பிளேயர், ஸ்டார் முனையும் தட்டை முனையும் கொண்ட ஸ்க்ரூடிரைவர்கள் பெரிது சிறிதாக, மின்சார டெஸ்டர், சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர், டெஃப்லான் டேப் நான்கு ரோல், இன்சுலேஷன் டேப், தலையில் மாட்டும் டார்ச். சிங்க் அடியில் ஒரு கையில் செல்போன் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு மறு கையால் நட்டைத் திருப்ப முடியாது. அங்கேதான் அந்த டார்ச்சின் அருமை தெரியும்.

பைப் ரெஞ்ச் பிறகு வாங்கலாம். அதன் பல் குரோம் பூச்சைக் கடித்துத் தழும்பாக்கிவிடும். அட்ஜஸ்டபிள் ஸ்பேனரையும் குழாய் மேல் வைக்கும்போது இடையில் ஒரு துணித்துண்டைக் கொடுங்கள். உயரத்தில் வேலை என்றால் மடக்கு ஏணி. கட்டில் மேல் ஸ்டூல் போட்டு ஏறுவது கூடவே கூடாது.

இன்னொன்று: வேலையைக் காலையில் தொடங்குங்கள், ஹார்ட்வேர் கடை திறந்திருக்கும் நாளில். ஞாயிறு மாலை ஆறு மணிக்குக் குழாயைக் கழற்றினால், சரியான வாஷர் கிடைக்காமல் திங்கள் காலை வரை வீடு முழுக்கத் தண்ணீர் இல்லாமல் இருக்கும்.

தண்ணீரை எங்கே நிறுத்துவது

எந்தக் குழாயையும் தொடுவதற்கு முன்னால் வீட்டைச் சுற்றி ஒரு நடை நடந்து வால்வுகளைக் கண்டுபிடியுங்கள். மொட்டை மாடி டேங்க்கிலிருந்து இறங்கும் ஒவ்வொரு பைப்புக்கும் ஒரு வால்வு இருக்கும். எது சமையலறைக்கு, எது குளியலறைக்கு என்று ஒவ்வொன்றாக மூடிப் பார்த்து, பெயின்ட்டால் பைப்பிலேயே எழுதிவிடுங்கள். வாஷ்பேசின், ஃப்ளஷ் டேங்க், கீசர் ஆகியவற்றின் அடியில் சுவரை ஒட்டி ஆங்கிள் காக் இருக்கும். அதை மூடினாலே அந்த ஒரு சாமான் மட்டும் துண்டிக்கப்படும்.

பழைய பித்தளை கேட் வால்வு பல வருடம் திருப்பாமல் கிடந்தால் இறுகியிருக்கும். பலம் கொண்ட மட்டும் திருப்பினால் உள்ளே தண்டு முறிந்து, கதவு பாதி இறங்கிய நிலையில் நின்றுவிடும். அதன் பிறகு மூடவும் முடியாது, திறக்கவும் முடியாது. கால் சுற்று முன்னும் பின்னுமாக அசைத்துப் பாருங்கள். அசையவில்லையென்றால் விட்டுவிட்டு, டேங்க்கில் தண்ணீரைத் தீர்த்த பிறகு வேலையைத் தொடங்குங்கள். நன்றாக இருக்கும் வால்வுகளையும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை மூடித் திறந்து வையுங்கள்.

சொட்டும் குழாய்

வீட்டில் இருப்பது எந்த வகைக் குழாய் என்று முதலில் பாருங்கள். கைப்பிடியை இரண்டு மூன்று சுற்று சுற்றித் திறக்க வேண்டியிருந்தால் உள்ளே ரப்பர் வாஷர். கால் சுற்றிலேயே முழுக்கத் திறந்தால் உள்ளே செராமிக் தட்டுகள் கொண்ட ஸ்பிண்டில்.

வாஷர் வகையில் வேலை சுலபம். வால்வை மூடி, குழாயைத் திறந்து பைப்பில் நிற்கும் தண்ணீரை வடியுங்கள். கைப்பிடியைப் பாதி திறந்த நிலையிலேயே வைத்துக்கொண்டு, அதன் அடியில் இருக்கும் பெரிய நட்டை ஸ்பேனரால் இடப்பக்கம் திருப்புங்கள். மூடிய நிலையில் திருப்பினால் வாஷர் கீழே அழுந்திக்கொண்டு மரையைக் கெடுக்கும். தலைப்பகுதி மொத்தமாக வெளியே வந்ததும் அதன் அடியில் தேய்ந்த வாஷர் தெரியும். நடுவில் வட்டமாகப் பள்ளம் விழுந்திருந்தால் அதுதான் குற்றவாளி. கடை திறக்கும் வரை அதையே திருப்பிப் போட்டு ஓட்டலாம். புது வாஷர் போட்டும் சொட்டினால், குழாயின் உடம்புக்குள் வாஷர் உட்காரும் பித்தளை விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். அரித்துக் கரடாக இருந்தால் வாஷரை மாற்றிக்கொண்டே இருப்பதில் அர்த்தமில்லை, குழாயையே மாற்ற வேண்டியதுதான்.

குழாயின் வாயில் சொட்டாமல் கைப்பிடியின் கழுத்தில் கசிந்தால் விஷயம் வேறு. அங்கே இருக்கும் சின்ன நட்டை அரைக்கால் சுற்று இறுக்கினாலே பல சமயம் நின்றுவிடும். நிற்கவில்லையென்றால் அந்த நட்டைக் கழற்றி, தண்டைச் சுற்றி டெஃப்லான் டேப்பை நூல் மாதிரி முறுக்கி ஐந்தாறு சுற்றுச் சுற்றி மறுபடி இறுக்குங்கள்.

கால் சுற்றுக் குழாயில் கைப்பிடியின் உச்சியில் சிவப்பு அல்லது நீல பட்டன் இருக்கும். பிளேடு முனையால் நெம்பினால் வரும். உள்ளே ஒரு ஸ்டார் ஸ்க்ரூ. அதைக் கழற்றிக் கைப்பிடியை மேலே இழுத்தால் ஸ்பிண்டில் தெரியும். இதை ஸ்பேனரால் கழற்றி அப்படியே கடைக்கு எடுத்துப் போங்கள். "அரை இன்ச் ஸ்பிண்டில்" என்று வாயால் கேட்டு வாங்கினால் பெரும்பாலும் பொருந்தாது. உயரம், மேலே கைப்பிடி மாட்டும் பற்களின் எண்ணிக்கை, எந்தப் பக்கம் திறக்கும் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

செராமிக் தட்டு தானாகத் தேய்வது குறைவு. மணல்தான் அதைக் கெடுக்கும். டேங்க் அடியில் படிந்த மணலில் ஒரு துகள் இரண்டு தட்டுக்கும் நடுவே போனால் கீறல் விழும், அந்தக் கீறல் வழியே தண்ணீர் வரும். அதனால் புது ஸ்பிண்டிலை மாட்டுவதற்கு முன்னால், குழாய் வாய்க்கு எதிரே ஒரு வாளியைப் பிடித்துக்கொண்டு, வால்வை இரண்டு விநாடி லேசாகத் திறந்து மூடும்படி இன்னொருவரிடம் சொல்லுங்கள். மணலும் துருவும் அதோடு வெளியேறும். இதைச் செய்யாமல் மாட்டிய புது ஸ்பிண்டில் ஒரே மாதத்தில் சொட்டும், நாம் கடைக்காரரைத் திட்டுவோம்.

குழாயையே மாற்றுவதென்றால் முழு வேலையும் டெஃப்லான் டேப்பில் இருக்கிறது. மரையின் முனை உங்கள் முகத்தைப் பார்க்கும்படி பிடித்துக்கொண்டு, கடிகார முள் சுற்றும் திசையில் டேப்பை இழுத்துப் பிடித்துச் சுற்றுங்கள். எதிர்த்திசையில் சுற்றினால் திருகும்போது டேப் பிரிந்து சுருண்டுவிடும். கடையில் கிடைக்கும் மெல்லிய டேப் என்றால் 10 முதல் 12 சுற்று. முதல் மரையை டேப் இல்லாமல் விடுங்கள், அப்போதுதான் நேராகப் பிடிக்கும். கையால் போகும் வரை திருகி, பிறகு ஸ்பேனரால் ஒரு சுற்று, அதிகம் போனால் ஒன்றரை. குழாய் வாய் நேராகக் கீழே பார்க்கும் இடத்தைத் தாண்டிவிட்டால் பின்னால் திருப்பக் கூடாது. பின்னால் திருப்பிய டேப் கசியும். முழுக்கக் கழற்றி, பழைய டேப்பைச் சுரண்டி, இரண்டு சுற்று அதிகம் போட்டு மறுபடி மாட்டுங்கள்.

பழைய குழாயைத் திருப்பும்போது சுவருக்குள் இருக்கும் இணைப்பும் சேர்ந்து சுழல்கிற மாதிரி இருந்தால் உடனே நிறுத்துங்கள். உள்ளே பிளாஸ்டிக் பைப் முறுக்கிக்கொண்டிருக்கிறது. மரை உள்ளேயே முறிந்துபோனாலும் அப்படித்தான். இந்த இரண்டு இடத்திலும் பிளம்பரைக் கூப்பிடுவதில் வெட்கமே வேண்டாம். டைல்ஸ் உடைக்கும் செலவோடு ஒப்பிட்டால் அவர் கூலி சின்னது.

போர் தண்ணீர் வரும் வீடுகளில் குழாய் வாயில் இருக்கும் சல்லடையும் ஷவரின் துளைகளும் உப்பு அடைத்து, "பிரஷர் இல்லை" என்ற புகார் வரும். சல்லடையைக் கழற்றி, ஒரு டம்ளர் வெந்நீரில் ஒரு ஸ்பூன் எலுமிச்சை உப்பைக் கரைத்து அரை மணி நேரம் ஊற வையுங்கள். டாய்லெட் ஆசிட்டை மட்டும் தொடாதீர்கள், உப்போடு குரோமையும் உரித்துவிடும்.

ஓடிக்கொண்டே இருக்கும் ஃப்ளஷ் டேங்க்

இதில் தண்ணீர் சத்தமில்லாமல் வீணாகும். கண்டுபிடிக்கும் வழி: டேங்க் மூடியைத் திறந்து உள்ளே கொஞ்சம் சொட்டு நீலம் விடுங்கள். இருபது நிமிடம் யாரும் பயன்படுத்தக் கூடாது. பிறகு டாய்லெட்டுக்குள் நீலம் தெரிந்தால் அடி சீல் கசிகிறது. தெரியவில்லை, ஆனால் டேங்க்குக்குள் நிற்கும் செங்குத்துக் குழாயின் வாய் வழியே தண்ணீர் வழிந்துகொண்டிருக்கிறது என்றால், கோளாறு தண்ணீரை உள்ளே விடும் வால்வில்.

அடி சீல் என்றால்: ஆங்கிள் காக்கை மூடி, ஒரு முறை ஃப்ளஷ் செய்து டேங்க்கைக் காலியாக்குங்கள். நடுவில் இருக்கும் ஃப்ளஷ் வால்வைப் பெரும்பாலான டேங்க்குகளில் இடப்பக்கம் கால் சுற்றுத் திருப்பினால் மேலே வந்துவிடும். அதன் அடியில் வட்ட ரப்பர் சீல். விரலால் தடவிப் பாருங்கள். உப்புப் பொருக்கோ மணலோ ஒட்டியிருந்தால் கழுவினாலே போதும். ரப்பர் கெட்டிப்பட்டு விளிம்பு சுருண்டிருந்தால் மாற்றுங்கள். சீல் உட்காரும் பிளாஸ்டிக் விளிம்பையும் துணியால் துடையுங்கள். பலர் புது சீல் போட்டுவிட்டு இதைத் துடைக்க மறந்து, "புதுசும் கசியுது" என்பார்கள்.

உள்ளே விடும் வால்வு என்றால், மிதவையைக் கையால் தூக்கிப் பாருங்கள். தூக்கினால் தண்ணீர் நிற்கிறது என்றால் அளவு மட்டும் சரிசெய்தால் போதும். மிதவையோடு இருக்கும் திருகைத் திருப்பி, செங்குத்துக் குழாயின் வாய்க்கு ஓர் அங்குலம் கீழே தண்ணீர் நிற்கும்படி வையுங்கள். தூக்கியும் நிற்கவில்லையென்றால் வால்வுக்குள் இருக்கும் ரப்பர் போய்விட்டது. வால்வை மொத்தமாக மாற்றிவிடுவதுதான் மலிவு.

ஆங்கிள் காக்கிலிருந்து டேங்க்குக்குப் போகும் கனெக்‌ஷன் பைப்பின் நட்டுக்குள் ரப்பர் வாஷர் இருக்கும். அங்கே டெஃப்லான் தேவையில்லை. கையால் இறுக்கி, மேற்கொண்டு கால் சுற்று. பிளாஸ்டிக் நட்டை ஸ்பேனரால் முறுக்கினால் அன்றைக்கு நன்றாக இருக்கும், ஒரு நாள் ராத்திரி விரிசல் விட்டுப் பாத்ரூமை நிரப்பும்.

மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் ஏறவில்லை

தரைத் தொட்டியிலிருந்து மேல் டேங்க்குக்கு ஏற்றும், மோட்டாரும் பம்பும் ஒன்றாக இருக்கும் மோனோபிளாக் மோட்டாரைத்தான் சொல்கிறேன். நீர்மூழ்கி மோட்டாரை மெக்கானிக்குக்கே விட்டுவிடலாம்.

ஓடியும் தண்ணீர் வராவிட்டால் பெரும்பாலும் காற்றுப் பிடித்திருக்கும். மோட்டாரை நிறுத்தி, மெயினையும் அணைத்துவிட்டு, பம்ப் தலையில் இருக்கும் மூடியைக் கழற்றித் தண்ணீர் ஊற்றுங்கள். நிரம்பி அப்படியே நின்றால் மூடியை இறுக்கி ஓட்டிப் பாருங்கள். ஊற்ற ஊற்ற இறங்கிக்கொண்டே போனால் தொட்டிக்குள் உறிஞ்சும் பைப்பின் அடியில் இருக்கும், தண்ணீர் திரும்ப இறங்காமல் தடுக்கும் ஃபுட் வால்வு மூடவில்லை. இலையோ பிளாஸ்டிக் துண்டோ சிக்கியிருக்கும், அல்லது ரப்பர் தேய்ந்திருக்கும். நிரம்பி நிற்கிறது, ஆனாலும் தண்ணீர் ஏறவில்லை என்றால் உறிஞ்சும் பைப்பின் ஏதோ ஒரு இணைப்பில் காற்று நுழைகிறது. அந்த ஓட்டையில் தண்ணீர் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும் என்பதால் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிப்பது கடினம். மோட்டார் ஓடும்போது ஒவ்வொரு இணைப்பின் மேலும் சோப்பு நுரையைத் தடவுங்கள். நுரை உள்ளே இழுக்கப்படும் இடம்தான் ஓட்டை.

மேலே வைத்த பம்ப் கணக்குப்படி 10.3 மீட்டர் ஆழத்திலிருந்து உறிஞ்ச முடியும். நடைமுறையில் 6, 7 மீட்டரைத் தாண்டினால் திணறும். கோடையில் கிணற்று மட்டம் இறங்கிய பிறகு திடீரென்று "மோட்டார் கெட்டுப்போச்சு" என்றால் முதலில் மட்டத்தை அளந்து பாருங்கள்.

சுற்றாமல் உறுமினால் உடனே நிறுத்துங்கள். சில நிமிடங்களில் உள்ளே இருக்கும் கம்பிச் சுருள் (காயில்) கருகிவிடும். மெயினை அணைத்து, பின்பக்க மூடியைக் கழற்றி, தண்டைக் கையால் சுற்றிப் பாருங்கள். இறுகியிருந்தால் துரு பிடித்திருக்கிறது. பல மாதம் ஓடாமல் இருந்த மோட்டாரில் இது சகஜம், மெல்ல முன்னும் பின்னும் அசைத்து விடுவிக்கலாம். சுலபமாகச் சுற்றுகிறது என்றால், மோட்டார் கிளம்ப உதவும் கண்டென்சர் போயிருக்க வாய்ப்பு அதிகம்.

சுவரில் துளை போடுவது

ஸ்விட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் துளை போடாதீர்கள். வயர் பைப் அந்தக் கோட்டில்தான் போகும். குழாய்க்கு மேலும் கீழும் அப்படித்தான். ஸ்க்ரூ பிடிப்பதற்காகத் துளைக்குள் அடிக்கும் 6 மி.மீ. பிளாஸ்டிக் பிளக்குக்கு 6 மி.மீ. பிட், பிளக் நீளத்தை விட 5 மி.மீ. ஆழம் அதிகம். பிட்டில் அந்த ஆழத்துக்கு ஒரு இன்சுலேஷன் டேப் சுற்றிக்கொண்டால் கண் அளவு பார்க்க வேண்டாம். துளைக்குள் இருக்கும் தூசியை ஊதி எடுக்காமல் பிளக் அடித்தால் அது பாதியிலேயே நிற்கும். பூச்சு மட்டுமே ஒன்று, ஒன்றரை செ.மீ. கனம் இருக்கும். பிளக் அதைத் தாண்டிச் செங்கல்லுக்குள் போயிருந்தால்தான் எடை தாங்கும். டைல்ஸ் என்றால் மேலே பேப்பர் டேப் ஒட்டி, டிரில்லின் ஹேமர் மோட் (தட்டிக்கொண்டே துளைக்கும் முறை) இல்லாமல் மெதுவாகத் தொடங்குங்கள். டைல் துளைந்த பிறகு மட்டும் ஹேமர் மோட்.

மின்சாரம்: தொடும் முன்

இங்கே சப்ளை 230 வோல்ட். இதில் ஒரு தப்புக்கு மேல் வாய்ப்பு கிடைக்காது.

எம்.சி.பி.யை (கரண்ட் அதிகமானால் தானாக விழும் மெயின் பெட்டி ஸ்விட்ச்சை) அணைத்துவிட்டால் எல்லாம் அணைந்துவிட்டது என்று நினைப்பதுதான் நம் வீடுகளில் பெரிய ஆபத்து. இன்வெர்ட்டர் இருக்கிற வீட்டில் மெயினை அணைத்த மறு நொடி, கரண்ட் போய்விட்டது என்று நினைத்து இன்வெர்ட்டர் அதே ஃபேனுக்கும் லைட்டுக்கும் 230 வோல்ட்டைக் கொடுக்கும். மெயின், இன்வெர்ட்டர் இரண்டையும் அணைக்க வேண்டும். அணைத்த பிறகு டெஸ்டரால் பாருங்கள். அதற்கும் முன்னால், டெஸ்டர் உயிரோடு இருக்கிறதா என்று மின்சாரம் உள்ள இடத்தில் ஒரு முறை எரிய வைத்துப் பாருங்கள். டெஸ்டர் எரியவில்லை என்பது மட்டும் போதாது. மல்டிமீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வைத்து இரண்டு வயருக்கும் நடுவே அளந்து, பூஜ்யம் காட்டினால்தான் கை வைக்கலாம். வயரின் நிறத்தை நம்ப வேண்டாம். சிவப்பு ஃபேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த் என்பது வழக்கம்தான், ஆனால் கையில் எந்த வயர் மிச்சம் இருந்ததோ அதைப் போட்டு முடித்த வீடுகள் ஏராளம்.

எம்.சி.பி. அடிக்கடி விழுகிறது என்று 10 ஆம்பியரை எடுத்துவிட்டு 20 போடாதீர்கள். சுவருக்குள் இருக்கும் வயருக்குத்தான் அந்த 10. பெரிதாகப் போட்டால் எம்.சி.பி. விழாது, வயர் எரியும். 3 கிலோவாட் கீசர் 13 ஆம்பியர் இழுக்கும். அதை 6 ஆம்பியர் பிளக்கில் அடாப்டர் போட்டுச் செருகக் கூடாது. கரண்ட் கசிந்தால் விழும் ஆர்.சி.சி.பி. ஸ்விட்ச் இருந்தால் அதன் டெஸ்ட் பட்டனை மூன்று மாதத்துக்கு ஒரு முறை அமுக்கிப் பாருங்கள், விழ வேண்டும்.

மெதுவாகச் சுற்றும் ஃபேன்

ரெகுலேட்டரை ஐந்தில் வைத்தும் சோம்பலாகச் சுற்றுகிறது, அல்லது குச்சியால் தள்ளிவிட்டால்தான் கிளம்புகிறது என்றால் கண்டென்சர் பலவீனமாகிவிட்டது. ஐந்தில் நன்றாகச் சுற்றி, நடுவில் ஏதோ ஒரு எண்ணில் மட்டும் நின்றுவிடுகிறது என்றால் ரெகுலேட்டர். ரிமோட்டில் ஓடும் பி.எல்.டி.சி. ஃபேனுக்கு இது எதுவும் பொருந்தாது. அதில் எலக்ட்ரானிக் போர்டு இருக்கும், சர்வீஸ் சென்டருக்குத்தான் போக வேண்டும்.

1. மெயினையும் இன்வெர்ட்டரையும் அணையுங்கள். இறக்கைகள் முழுக்க நிற்கட்டும்.
2. மேல் கிண்ணத்தின் ஸ்க்ரூவைத் தளர்த்திக் கீழே இறக்குங்கள். சில ஃபேனில் கண்டென்சர் மோட்டாரை ஒட்டிய கீழ்க் கிண்ணத்துக்குள் இருக்கும்.
3. வயர் இருக்கும் நிலையைப் போட்டோ எடுங்கள். மல்டிமீட்டரால் பூஜ்யம் என்று உறுதி செய்யுங்கள்.
4. கண்டென்சரின் இரண்டு முனைகளையும் இன்சுலேஷன் உள்ள ஸ்க்ரூடிரைவரால் ஒரு முறை தொட்டு, மிச்ச சார்ஜை இறக்குங்கள்.
5. அதன் மேல் அச்சிட்டிருக்கும் எம்.எஃப்.டி. (மைக்ரோஃபாரட்) அளவைப் பாருங்கள். பெரும்பாலும் 2.5, சிலவற்றில் 3.15. அதே அளவுதான் வாங்க வேண்டும். பெரிது போட்டால் வேகம் கூடும் என்று சிலர் சொல்வதைக் கேட்காதீர்கள், காயில் சூடாகிச் சீக்கிரம் போய்விடும்.
6. பழையது இருந்த அதே இரண்டு இடங்களில் புதியதை இணையுங்கள். இதற்குப் பிளஸ், மைனஸ் கிடையாது. இணைப்பை முறுக்கி டேப் சுற்றுங்கள், அல்லது கனெக்டரில் திருகுங்கள்.

ஏணியில் ஏறிய கையோடு இன்னொரு வேலையும் பாருங்கள். ஃபேன் தொங்கும் கம்பியின் மேலும் கீழும் ஒரு போல்ட், அதன் முனையில் வளைந்த சின்ன ஸ்பிளிட் பின் இருக்கும். ஃபேன் ஆடி ஆடி நட்டு கழன்றாலும் போல்ட்டை விடாமல் பிடிப்பது அதுதான். அது இல்லாமல் தொங்குகிற ஃபேன்கள் நிறைய. ஃபேன் ஆடினால் இறக்கை ஸ்க்ரூக்களை இறுக்கி, ஒவ்வொரு இறக்கை முனைக்கும் சீலிங்குக்கும் உள்ள தூரத்தை ஒரே இடத்தில் நின்று டேப்பால் அளங்கள். ஒன்று மட்டும் மாறினால் அந்த இறக்கைதான் வளைந்திருக்கிறது.

மொட்டை மாடியும் வெளிப்புறமும்

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். அதனால் ஆகஸ்ட், செப்டம்பரில் காய்ந்த நாளாகப் பார்த்து மாடி வேலையை முடிக்க வேண்டும். மழைநீர் இறங்கும் பைப் வாயில் இலையும் கட்டட மண்ணும் அடைத்திருந்தால் தண்ணீர் தேங்கும், தேங்கிய தண்ணீர் விரிசலில் இறங்கும். ஒழுகும் வீடுகளில் பாதிக்கு முதல் வைத்தியம் அந்த வாயைச் சுத்தம் செய்வதுதான்.

மெல்லிய விரிசலைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, சிறிய உளியால் 5 மி.மீ. அளவுக்கு ஆங்கில 'வி' மாதிரி அகட்டி, தூசியைக் கழுவி, கிராக் ஃபில்லரால் நிரப்புங்கள். 24 மணி நேரம் கழித்து வாட்டர்ப்ரூஃப் பூச்சு இரண்டு கோட்: முதல் கோட் ஒரு திசையில், அது காய்ந்த பிறகு இரண்டாவது அதற்குக் குறுக்குத் திசையில். அகட்டாமல் மேலே பூசினால் ஒரே வெயிலில் பூச்சு பிளந்துவிடும். சீலிங்கில் காரை பெயர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிந்தால் பூச்சு வேலையெல்லாம் நிறுத்திவிட்டு இன்ஜினியரைக் கூப்பிடுங்கள்.

தமிழ்நாட்டில் 2003இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது தோண்டிய குழிகள் பல வீடுகளில் அதற்குப் பிறகு திறக்கப்படவே இல்லை. மூடியைத் திறந்து, மேல் அடுக்கின் கூழாங்கல்லையும் மணலையும் வெளியே எடுத்து அலசிப் போட்டால் போதும். செப்டிக் டேங்க்கை மட்டும் எட்டிப் பார்க்கக்கூடக் குனியாதீர்கள். உள்ளே இருக்கும் வாயு ஒரு மூச்சில் மயக்கும், தூக்கப் போனவரும் சேர்ந்து விழுவார். லாரி வைத்து மிஷினால் உறிஞ்ச வேண்டிய வேலை அது. ஆளை இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

கார்: பேட்டரியும் ஸ்டெப்னியும்

காலையில் சாவியைத் திருப்பினால் "டிக் டிக்" என்று மட்டும் கேட்டால், பேட்டரி வாங்க ஓடாதீர்கள். முனையில் வெள்ளை அல்லது பச்சைப் பொருக்கு கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். கட்டியிருந்தால் முதலில் மைனஸ் வயரைக் கழற்றுங்கள், பிறகு பிளஸ். பிளஸை முதலில் கழற்றும்போது ஸ்பேனர் காரின் உடம்பில் பட்டால் நெருப்புப் பறக்கும். வெந்நீரில் சமையல் சோடாவைக் கரைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, துடைத்துக் காயவிட்டு மாட்டுங்கள். மாட்டும்போது பிளஸ் முதலில், மைனஸ் கடைசியில். மேலே லேசாக வாசலின்.

மல்டிமீட்டர் இருந்தால் ராத்திரி முழுக்க நின்ற காரில் பேட்டரியை அளங்கள். 12.6 வோல்ட் என்றால் முழு சார்ஜ், 12.2 என்றால் ஏறக்குறையப் பாதி, 12க்குக் கீழே என்றால் தீர்ந்துவிட்டது. இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். ஓடும்போதும் 12 சொச்சத்திலேயே நின்றால் குற்றம் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரில், அல்லது அதன் பெல்ட்டில். புது பேட்டரி வாங்கினாலும் இரண்டு நாளில் அதுவும் இறங்கிவிடும்.

அடுத்த காரிலிருந்து கேபிள் போட்டு ஸ்டார்ட் செய்வதென்றால் வரிசை முக்கியம். சிவப்பை உங்கள் காரின் பிளஸ்ஸில், மறுமுனையை அவர் காரின் பிளஸ்ஸில், கறுப்பை அவர் காரின் மைனஸ்ஸில், கடைசி முனையை உங்கள் காரின் பேட்டரியில் வைக்காமல் இன்ஜினின் பூச்சில்லாத இரும்புப் பகுதியில். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வெளிவரும். கடைசி இணைப்பில் வரும் தீப்பொறி அதற்குப் பக்கத்தில் இருக்கக் கூடாது.

பஞ்சர் ஆனால் சமமான, கெட்டியான தரையில் நிறுத்துங்கள். ஹேண்ட் பிரேக், முதல் கியர், மாற்றப் போகும் சக்கரத்துக்கு எதிர்மூலைச் சக்கரத்தின் முன்னும் பின்னும் கல். ஜாக்கி போடும் முன்பே, சக்கரம் தரையில் இருக்கும்போது, எல்லா நட்டையும் அரைச் சுற்றுத் தளர்த்துங்கள். தூக்கிய பிறகு தளர்த்தினால் சக்கரம் சுழலும், கார் ஜாக்கியிலிருந்து நழுவும். ஜாக்கி வைக்கும் இடம் கதவுக்குக் கீழே, விளிம்பில் வெட்டுப் போட்டுக் காட்டியிருக்கும். வேறு எங்கே வைத்தாலும் தகரம் அமுங்கும். மண் தரை என்றால் ஜாக்கிக்கு அடியில் கெட்டிப் பலகை. கழற்றிய சக்கரத்தைக் காருக்கு அடியில் படுக்க வைத்துவிடுங்கள், ஜாக்கி நழுவினாலும் கார் அதன் மேல்தான் இறங்கும். ஜாக்கியில் நிற்கும் காருக்கு அடியில் தலையோ கையோ எந்தக் காரணத்துக்கும் போகக் கூடாது.

ஸ்டெப்னியை மாட்டி நட்டுகளைக் கையால் திருகி, காரை இறக்கிய பிறகு, எதிரெதிராகக் குறுக்கு வரிசையில் இறுக்குங்கள். பல சிறிய கார்களுக்கு 100 நியூட்டன் மீட்டரை ஒட்டித் தேவைப்படும். 25 செ.மீ. ஸ்பேனரின் முனையில் 40 கிலோ எடையை வைத்த மாதிரி அது. ஏறி நின்று குதித்தால் இதைப் போல இரண்டு மடங்கு ஆகிவிடும், நட்டு மாட்டும் ஸ்டட் நீண்டு மரை கெடும், அடுத்த பஞ்சரில் கழற்றவே வராது. ஐம்பது கிலோமீட்டர் ஓட்டிய பிறகு நட்டுகளை ஒரு முறை மறுபடி இறுக்கிப் பாருங்கள். ஸ்டெப்னி மற்ற டயர்களை விடச் சிறியதாக இருந்தால் அதன் பக்கவாட்டில் 80 கி.மீ. வேகத்துக்கு மேல் போகக் கூடாது என்று எழுதியிருக்கும். அதற்கும் காற்று பார்க்க வேண்டும். மற்ற நான்குக்கும் பார்க்கும் நாளிலேயே, டிக்கியைத் திறந்து, ஐந்தாவதையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.